பிணம் நாற்பது

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, டிவியின் மேல் மூன்று மாதமாகக் கிடந்த துண்டை ஷாரோன் எடுத்து உதறினாள். தூசி பறந்தது. சுவிட்சைப் போட்டாள். படம் வரவில்லை. நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுதிக்கொண்டு நின்றது.

"ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும் அண்ணி," என்றான் ஜான். வாசல்படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்து சாயங்காலம்தான் போட்டேன். மெசேஜ் வந்துச்சே."

"அப்ப டிஷ்ல இன்னாவோ பேஜார். ஞாயித்துக்கெழமை எவன் வருவான் ரிப்பேருக்கு? உடு அண்ணி."

விடுவதா? இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவள் மூன்று மாதமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி.

ஷாரோனின் கணவன் சாம்சன் கத்திரி வெயிலில் செத்துப்போனான். பெருநகர் கிராமத்தை ஒட்டிய செய்யாற்றங்கரையில், ஊர்ப் பண்ணைக்காரர் தாமோதரனுடைய தரிசில், டிவிக்காரர்கள் பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் நடந்த போரைப் படம் எடுத்த அன்று. 'புதைந்த யுகங்கள்' என்று ஒரு வரலாற்றுத் தொடர். தாமோதரன் நிலமும் கொடுத்தார், ஆளும் கொடுத்தார். அவர் மகன் தமிழரசன் பல்லவ ராஜா. காலனியிலிருந்து போன நாற்பது பேர் போர்க்களத்துப் பிணம். பிணமாகப் படுத்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் எழுந்து வந்தார்கள்.

சாம்சனைக் குட்டியானை வண்டியில் தூக்கிப்போட்டு, வீட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அதற்கப்புறம்தான் போலீஸ் வந்தது. 'குடிப்பழக்கம் உள்ளவர், வீட்டில் உறங்கும்போது மாரடைப்பு' என்று எழுதிக்கொண்டு போனது. உடலை அறுத்துப் பார்க்காமல் கொள்ளாமல் அன்றைக்கே அடக்கமும் ஆகிவிட்டது. சாம்சன் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதை யார் கேட்டார்கள்?

படக் கம்பெனி ஒரே போடாகப் போட்டது. அப்படி ஒரு ஆளே அன்றைக்கு வரவில்லையாம். வக்கீல் பிரிஸ்கில்லா அலையோ அலையென்று அலைந்து அன்றைய ஆள் பட்டியலை வாங்கினாள். அதில் ராஜாவுக்குப் பெயர் இருந்தது. மந்திரிக்குப் பெயர் இருந்தது. வாடகைக்கு வந்த குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி: பிணம் - 40.

எடுத்ததில் ஒளிபரப்புக்குப் போனது போக மிச்சத்தை அழித்துவிட்டோம் என்றும் கம்பெனி சொல்லிவிட்டது. ஆக, சாம்சன் அங்கே இருந்தான் என்பதற்கு உலகத்தில் ஏதாவது சாட்சி மிஞ்சியிருந்தால், அது இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு டிவியில் வரப்போகும் படம் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரத்தில் அவன் சாவைப் பற்றி விசாரணை.

"மேக்கப், தாடி எல்லாம் போட்டிருப்பாங்க. எனக்கு அவரை அடையாளம் தெரியாது," என்று பிரிஸ்கில்லா சொல்லியிருந்தாள். "நீங்கதான் பார்க்கணும். அவர் வர்ற இடத்தை அப்படியே போன்ல எடுத்து எனக்கு அனுப்புங்க. நாளைக்கு அவங்க அதை வெட்டிட்டா நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது."

சாம்சனை அடையாளம் காண ஷாரோனுக்கு முகம் வேண்டாம். அவன் இடது கையில் சிலுவை பச்சை குத்தியிருந்தது. பல்லவன் படையில் சிலுவை ஏது என்று மேக்கப்காரன் அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டானாம். பிணமாக வீட்டுக்கு வந்தபோதும் அந்தத் துணி அவிழாமல் அப்படியே இருந்தது.

"ஏம்மா, மானம் மூட்டமா கீதா?" என்று கட்டிலில் இருந்து கேட்டார் முனியன், சாம்சனின் அப்பா.

"இல்ல மாமா. வெயிலு கொளுத்துது."

"காத்தும் இல்ல, மழையும் இல்ல. சிக்னல் எப்பிடிப் போவும்?"

முனியனுக்கு டிவியைப் பற்றித் தெரியாதது இல்லை. நாலு வருஷம் முன்னால் நெல் மூட்டை சரிந்து இடுப்பு உடைந்ததிலிருந்து அவருக்கு உலகமே அந்தப் பெட்டிதான். அதிலும் சினிமா, சீரியல் எதுவும் ஏறாது. பிரமிடு, கடலில் மூழ்கின பட்டணம், இட்லர் யுத்தம், இவைதான். தமிழில் பேசிப் போடுவார்களே, அந்தச் சேனலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். மாயன் காலண்டரைப் பற்றி, தன்னைப் பார்க்க வந்த மானாம்பதி வாத்தியாரோடு சண்டை போட்டவர் அவர். பெண்டாட்டி ஜெபக்கூட்டத்துக்குப் போய், பிள்ளைகளுக்குச் சாம்சன், ஜான் என்று பைபிள் பெயராக வைத்தாள். இவர் மட்டும் முனியனாகவே இருந்துவிட்டார்.

படப்பிடிப்புக்குப் போகத் தயங்கின சாம்சனை, "போய்ப் படுத்துக் கெடடா, ஒரு நாள் கூத்து. நான் பாக்கற டிவில நீ வருவ," என்று தள்ளிவிட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு கட்டிலில் இருந்தபடியே அந்தத் துண்டை டிவிமேல் வீசியதும் அவர் கைதான்.

"மேல ஏறிப் பாரும்மா," என்றார் இப்போது.

அவள் ஏணியை எடுப்பதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. தாமோதரனின் வண்டி. காலனிக்குள் அந்த வண்டி என்றைக்கும் வராது. முனையிலேயே நிற்கும். வேண்டியவர்கள் ஓடிப்போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜான் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினான். ஷாரோனும் பின்னாலேயே போனாள்.

தாமோதரன் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மகன் ராஜாவாக வரப்போகும் நாளாயிற்றே.

"இன்னா ஷாரோனு, சர்ச்சுக்குப் போவலியா?"

"பாப்பாவ மட்டும் அனுப்பிட்டேங்க."

ஒன்பது வயசு மகள் நிஷா அந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது என்றுதான் சாயங்காலம் வரை போதகர் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள். அதை இவரிடம் சொல்வானேன்?

"பன்னண்டு மணிக்குப் போடறான். வூட்டு முன்னால பந்தல் போட்டுப் பெரிய டிவி வெச்சிருக்கேன். எல்லாரும் வந்துடுங்க. சாப்பாடும் கீது."

"எங்க வூட்லயே பாத்துக்கறோங்க."

"உங்க வூட்ல படம் வருதா?"

ஷாரோனுக்குச் சுருக்கென்றது. வரவில்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"இல்ல, சின்ன டிவியாச்சே. அதுக்குச் சொன்னேன்," என்று தாமோதரன் ஜான் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கெழம டிராக்டர் எடுக்கணும்டா. வேற சோலி எதுவும் வெச்சுக்காத."

"சரிங்க," என்றான் ஜான்.

"செவ்வாக்கெழம எங்க கொழுந்தனாருக்குக் காஞ்சிபுரத்துல வேலை கீதுங்க," என்றாள் ஷாரோன்.

தாமோதரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "உன் புருஷன் எங்க வூட்டுப் புள்ள மாதிரிம்மா. வூட்ல கண்ண மூடினவன, வேற எங்கியோ செத்தான்னு ஊரு ஊரா சொல்லிகினு திரிஞ்சா அவன் ஆத்துமா எப்பிடி அடங்கும்? புருஷன் போன துக்கம், பேசற. நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல."

வண்டி போய்விட்டது. ஜான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

"இன்னா ஜான், சரிங்கன்னுட்ட?"

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்? நான் ஒண்ணும் பாக்கல அண்ணி. அந்தாண்ட கோடில படுத்துனு இருந்தேன். எத்தினி தடவ சொல்றது? பாக்காதவன் போய் இன்னா சாட்சி சொல்ல?"

"அன்னிக்கு வந்தாருன்னு சொல்லு, போதும். கூடவே போன தம்பி அதக்கூட சொல்லமாட்டியா?"

அவன் நடையை எட்டிப் போட்டான். தாமோதரனுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தாள் ஷாரோன். முப்பத்தொன்பது பேரும்தான் பயப்படுகிறார்கள். நாளைக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் அவர் வரப்பில்தான் போய் நிற்கவேண்டும். ஊரான் பயந்தால் சரி என்று விடலாம். கூடப்பிறந்தவன் பயந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஏணி வைத்து மாடிக்கு ஏறினாள். தொகுப்பு வீட்டு மொட்டைத் தளம் அதற்குள் அடுப்பாகக் கொதித்தது. டிஷ் அசையாமல்தான் நின்றது. அதன் வயர் மட்டும் தனியாகக் கிடந்தது. அறுக்கவில்லை. திருகிக் கழற்றி, முனையில் பிளாஸ்டிக் கவர் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தது.

"தாமோதரன் ஆளுங்க வேலைதான் மாமா," என்றாள் இறங்கி வந்து. "வயரக் கழட்டிப் போட்டுட்டானுங்க. நான் மாட்டிட்டேன்."

"கழட்டி?"

"கவரெல்லாம் சுத்தி வெச்சிருந்துச்சு."

"எதிரி கழட்டனா மழயில நனயாம கவரு சுத்துவானா?" என்றார் முனியன். அவர் கண் ஒரு தரம் வாசல் பக்கம் போய் வந்தது.

ஷாரோனுக்கு அதை யோசிக்க அவகாசம் இல்லை. டிவியில் படம் வந்துவிட்டது.

பதினொன்றே முக்காலுக்குக் காலனி காலியாகிவிட்டது. பந்தலும் சாப்பாடும் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? முனியன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஷாரோன் போனைப் பிடித்துக்கொண்டு டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். ஜான் போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. வாசல்படியில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உள்ள வாடா," என்றார் முனியன்.

"இங்கியே கேக்குது நைனா."

முரசு முழங்கியது. தலைப்பு வந்தது. இடி மாதிரி ஒரு குரல் பேசத் தொடங்கியது. "ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, இதே மண்ணில், ஒரு மாபெரும் ரத்த ஆறு ஓடியது. இன்றுவரை விடை தெரியாத அந்த மர்மம் என்ன?"

"சொல்லமாட்டான், இழுப்பான்," என்றார் முனியன். பழக்க தோஷம். சொல்லிவிட்டு உடனே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

ஒரு பேராசிரியர் வந்து பேசினார். வரைபடத்தில் சிவப்பு அம்பும் நீல அம்பும் மோதிக்கொண்டன. தமிழரசன் குதிரைமேல் வந்தான். ஊருக்குள்ளிருந்து விசில் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. ஷாரோன் போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். கை வலித்தது. கையை மாற்றினாள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. திரையில் புகை மூட்டம். கொடிகள் சாய்ந்து கிடந்தன. புகைக்கு அடியில் வரிசையாக உடல்கள். காலனி ஆட்கள்தான். அதோ பச்சமுத்து. அதோ மீன்காரர் ராஜாராம். பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு சிவப்புத் துணியைப் பார்த்தாள்.

பார்த்தாள் என்பதற்குள் அது போய்விட்டது. குதிரைக் குளம்பு வந்துவிட்டது.

"மாமா, அவருதான். அவருதான் மாமா!"

போனைப் பார்த்தாள். திரையில் ஒரு கட்டம் நின்றது. இடம் போதவில்லை, பதிவு நிறுத்தப்பட்டது. அது எப்போது நின்றதோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதம் காத்திருந்து, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போய்விட்டதே.

"பதறாதம்மா," என்றார் முனியன். "போன்ல இன்னா கீதோ அத்தல்லாம் அழி. இப்ப விளம்பரம் போடுவான். விளம்பரம் முடிஞ்சதும் உட்டதிலேர்ந்து திரும்பப் போடுவான். செத்தவன எப்பவும் ரெண்டு தடவ காமிப்பாங்க. ரெண்டாவது தடவ மெதுவா காமிப்பாங்க. நான் பாக்காததா?"

அவர் சொன்னபடியே விளம்பரம் வந்தது. சிமென்ட், பல்பொடி, நகைக்கடை. அவள் மளமளவென்று பழைய வீடியோக்களை அழித்தாள். நிஷாவின் பிறந்தநாள் வீடியோ ஒன்று இருந்தது. சாம்சன் கேக்கை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பான். அதில் கண்ணை ஓட்டாமல் தாண்டிப் போய், வேறு எதையெதையோ அழித்தாள்.

"வந்துட்டான், புடி," என்றார் முனியன்.

மறுபடியும் அதே புகை. இந்தத் தடவை எல்லாம் மெதுவாக நகர்ந்தது. புகைகூட மெதுவாக எழும்பியது. கேமரா தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, சிவப்புத் துணி கட்டிய கையில் நின்றது.

அந்தக் கை அசைந்தது.

விரல்கள் விரிந்தன. கை மண்ணிலிருந்து மேலே எழும்பியது. யாரையோ கூப்பிடுகிற மாதிரி. தாடிக்குப் பின்னால் சாம்சனின் முகம் திரும்பியது. உதடு வெடித்திருந்தது. அது மேக்கப் இல்லை. அவனுடன் பதினோரு வருஷம் வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

அப்போது பக்கத்தில் கிடந்த பிணம் ஒன்று கையை நீட்டியது. சாம்சனின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, மண்ணோடு மண்ணாக அழுத்தியது. அழுத்தியபடியே வைத்திருந்தது.

ஒட்டு மீசை வைத்தால் மட்டும் ஜான் ஜான் இல்லையென்று ஆகிவிடுமா?

இடிக்குரல் உருகியது. "மரணத்தின் விளிம்பிலும் தோழனின் கையைப் பற்றிக்கொண்ட மாவீரர்கள். இவர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை."

தாமோதரன் தெருவில் சரவெடி வெடித்தது. பல்லவ ராஜா ஜெயித்துவிட்டான் போலிருக்கிறது.

ஷாரோன் போனை இறக்கினாள். எல்லாம் பதிவாகியிருந்தது. திரும்பி வாசலைப் பார்த்தாள். ஜானின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் படத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குரல் சொன்னதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கோடியில் படுத்திருந்தேன் என்றது, காஞ்சிபுரத்துக்கு வரமாட்டேன் என்றது, ஒவ்வொன்றாக இப்போது புரிந்தது. அவளுக்கு எழுந்துபோய் அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"வயரக் கழட்டனது நீதான?"

ஆமாம் என்று ஜான் தலையை ஆட்டினான்.

முனியன் கட்டிலில் கையை ஊன்றி எழுந்து நிற்கப் பார்த்தார். முடியாமல் உட்கார்ந்துவிட்டார். "ஷாரோனு," என்றார். "அத்த அழிச்சிடும்மா."

"மாமா?"

"உன் காலுல வுழறேன். பெத்தவன் கேக்கறேன். ஒருத்தன மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொருத்தன ஜெயிலுக்குக் குடுத்துட்டு நான் இன்னாத்தம்மா பண்ணுவேன்? அந்தக் கம்பெனிக்காரன் சொம்மா இருப்பானா? தம்பிதான் அண்ணன அமுக்கிக் கொன்னுட்டான்னு சொல்லிட்டுக் கையக் கழுவிகினு போயிடுவான். அந்தத் தாமோதரனும் அதத்தான் சொல்லுவான். நீ வேற, அவனுங்களுக்குக் கத்திய எடுத்துக் குடுக்கற."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நாலு வருஷம் இட்லரையும் சீசரையும் பார்த்தவருக்கு, மாட்டிக்கொண்டவன் யார் தலையில் பழியைக் கட்டுவான் என்று தெரியாமல் இருக்குமா?

"அவரு குடிச்சிட்டு வூட்ல செத்தாருன்னு எழுதி வெச்சிருக்கான் மாமா," என்றாள் ஷாரோன். "நிஷாவப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் பொண்ணுன்னு கூப்புடுதுங்க. உங்களுக்குத் தெரியுமா? உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினா. அவரு உசிரோட இருந்தாரு மாமா. கையத் தூக்கி யாரயோ கூப்ட்டாரு. அத்த நான் எப்பிடி அழிப்பேன்? எந்தக் கையால அழிப்பேன்?"

முனியன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் வீடியோவை பிரிஸ்கில்லாவுக்கு அனுப்பினாள். கீழே, 'சிவப்புத் துணி கட்டினவர் என் வீட்டுக்காரர்' என்று டைப் செய்தாள். பக்கத்தில் இருப்பவன் யாரென்று எழுதவில்லை. எழுதத்தான் நினைத்தாள். விரல் ஓடவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்து போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கல்யாண வீட்டு நாதஸ்வரம் கேட்டது.

"ஷாரோன், பார்த்தேன். இது போதும். அவர் அங்க இருந்தார், உயிரோட இருந்தார், யாரும் தூக்கலை. இனி அவங்க ஒண்ணும் பேசமுடியாது." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, பக்கத்துல படுத்திருக்கிறது யாரு? ஏன் அந்தக் கையை அப்படி அமுக்கறாரு?"

ஷாரோன் வாயைத் திறப்பதற்குள் ஜான் எழுந்து வந்துவிட்டான். அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

"நான்தான் மேடம். அவரு தம்பி."

"ஜான், வோணாம்டா," என்றார் முனியன்.

"மூணாவது தடவ எடுத்துகினு இருந்தாங்க மேடம். ரெண்டு தடவ எவனோ அசைஞ்சிட்டான்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. இனிமே எவனாவது அசைஞ்சா எல்லாரும் பொழுது சாயறவரைக்கும் கெடக்கணும்னு மைக்குல சொன்னான். மண்ணு சுடுது. எங்கண்ணன் என் பக்கத்துலதான் படுத்துனு இருந்துச்சு. கையத் தூக்குச்சு. 'டேய், தண்ணி'ன்னுச்சு. எங்க மறுபடியும் முதல்லேர்ந்து எடுப்பானுங்களோன்னு நான் கைய அமுக்கிட்டேன்."

அவன் மூச்சு வாங்கினான். ஷாரோன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'செத்த பொணத்துக்கு இன்னாத்துக்குண்ணா தண்ணி'ன்னு கேட்டேன் மேடம். வெளாட்டுக்குத்தான் கேட்டேன். அதுக்கு எங்கண்ணன் சிரிச்சுச்சு. சிரிச்சிட்டுக் கண்ண மூடிகிச்சு. நல்லா நடிக்குதுன்னு நெனச்சேன். கட் சொன்னப்பறமும் எழுந்திரிக்கல. அப்பவும் நடிக்குதுன்னு நெனச்சுச் சிரிச்சிகினு இருந்தோம், எல்லாரும்."

போனில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

மூன்று மாதமாக ஷாரோன் சாம்சனின் கடைசி நேரத்தை ஆயிரம் விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். வலியில் துடித்திருப்பான் என்று நினைத்திருக்கிறாள். தன் பெயரைச் சொல்லியிருப்பான் என்று நினைத்திருக்கிறாள். சிரித்திருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஜான்," என்றாள் பிரிஸ்கில்லா மெதுவாக. "இதை செவ்வாய்க்கிழமை அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா? உங்களுக்கும் சிக்கல் வரலாம். நான் மறைக்க விரும்பலை. யோசிச்சுச் சொல்லுங்க."

ஜான் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஹலோ? ஜான்? லைன்ல இருக்கீங்களா?"

ஜான் ஷாரோனைப் பார்த்தான். நீ சொன்னால் வருகிறேன், நீ வேண்டாமென்றால் வேண்டாம் என்று கேட்டது அந்தப் பார்வை. மொத்தப் பாரத்தையும் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"என்னிய இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள் ஷாரோன். "உன்னத்தான கேக்கறாங்க."